4,10,000 கிலோமீட்டர் ஓடிய கொரோலா: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

வாசகர் கடிதம்:

மெக்கானிக் அண்ணாவுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக வேலை. மாதம் 15 ஷிப்ட், அதில் பாதி இரவு ஷிப்ட். போக வர ஏறத்தாழ 150 கி.மீ. என்னுடைய கார் 2005-ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 160ஐ. அப்பா மெரிபேங்கில் இருந்தபோது புதிதாக வாங்கியது. 2017-இல் அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. இப்போது 4,10,000 கி.மீ. காட்டுகிறது. லிட்டருக்கு 13 கி.மீ. கிடைக்கிறது. 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. கியர்பாக்ஸில் முனகல் சத்தம். பின் சக்கர வளைவில் பெயின்ட் குமிழ் விட்டிருக்கிறது. என் மெக்கானிக் கொடுத்த சீட்டு: இறக்குமதி இன்ஜின் 19,500 ராண்ட், கியர்பாக்ஸ் பேரிங் 5,500, கிளட்ச் 4,500, முன்பக்க ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் 5,200, ரேடியேட்டரும் ஹோஸும் 3,300. மொத்தம் 38,000. ஒரு டீலர் 2,20,000 ராண்டுக்குப் புதிய சிறிய கார் தருகிறேன், முன்பணம் வேண்டாம், 72 மாதம், வட்டி 12.5 சதவீதம், 30 சதவீதம் பலூன் (தவணைகள் முடிந்தபின் ஒரே தொகையாகக் கட்ட வேண்டியது), மாதம் 3,740 கட்டினால் போதும் என்கிறார். என் காரை 15,000-க்கு எடுத்துக்கொள்வாராம். மாமா, ‘நான்கு லட்சம் தாண்டிய வண்டி இரும்புக் கடைக்குத்தான்’ என்கிறார். அப்பாவின் கார் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. இரவில் என்3 சாலையில் நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஏசியிலும் காற்று மெதுவாகத்தான் வருகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் காரை விற்க வேண்டாம். சீட்டில் இருக்கும் வேலை முழுவதையும் செய்யவும் வேண்டாம். இன்ஜினைத் தொடாமல் மற்றதைச் செய்துகொண்டு இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுங்கள். ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். துரு போகக் கூடாத இடத்துக்குப் போயிருந்தால், நான் கீழே எழுதியிருக்கும் கணக்கு எதுவும் செல்லாது. அன்றைக்கே அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ராண்ட் செலவில்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கில் வின் எண், அதாவது வாகன அடையாள எண், அச்சாகியிருக்கும். அதை எழுதிக்கொண்டு ஏதாவது ஒரு டொயோட்டா டீலரிடம் போய், ஏர்பேக் திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். டக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த இன்ஃப்ளேட்டர்களுக்காக (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் கருவி) அந்தக் காலத்துக் கொரோலாக்கள் உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த இன்ஃப்ளேட்டருக்குள் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் தாக்கினால் அது சிதைந்துவிடும். பிறகு ஒரு விபத்தில் பை விரிய வேண்டிய நேரத்தில் உலோகக் கூடே வெடித்து, சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரும்ப அழைப்புக் கடிதம் போயிருந்தாலும் அப்பாவின் பழைய மெரிபேங்க் முகவரிக்குத்தான் போயிருக்கும். நிலுவையில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். காரின் வயதும் கிலோமீட்டரும் அதற்குத் தடையில்லை. காரை வைத்துக்கொள்வதோ விற்பதோ, இதை இந்த வாரமே செய்யுங்கள்.

இனி மாமாவின் நான்கு லட்சம். ஓடோமீட்டர் எவ்வளவு ஓடியது என்று சொல்லும். எப்படி ஓடியது என்று சொல்லாது. நீங்கள் ஓட்டிய கிலோமீட்டரில் பெரும்பகுதி என்3 நெடுஞ்சாலையில், சூடேறிய இன்ஜினோடு, ஐந்தாவது கியரில் போனது. ஓர் இன்ஜினுக்கு அதைவிடச் சுகமான வாழ்க்கை கிடையாது. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய்த் திரும்பி, நாள் முழுவதும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாத கார், 1,20,000-இலேயே உள்ளே கசடு பிடித்துப் போயிருக்கும். ஆகவே இன்ஜினைப் பொறுத்தவரை அந்த எண் என்னைப் பயமுறுத்தவில்லை. கிளட்ச் விஷயம் வேறு. அதைத் தின்றது சாட்ஸ்வர்த்தின் மேடுகள். வீட்டு வாசலிலிருந்து பிரதான சாலைக்கு வருவதற்குள் பாதிக் கிளட்சில் நின்று நின்று ஏறும் தெருக்கள் நம் பகுதியில் எத்தனை!

சீட்டுக்கு வருவோம். உங்கள் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். விலைகள் நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவர் காரில் உள்ள எல்லாக் குறைகளையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டார். வேலையிலிருந்து திரும்பும்போது உங்களை நடுவழியில் நிறுத்தக்கூடியது எது, மாதாமாதம் கொஞ்சம் காசைத் தின்பது எது என்று பிரிக்கவில்லை. இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு அந்தப் பிரிவினைதான் முக்கியம். இருட்டில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பது நம் நாட்டில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் முதல் இடம் ரேடியேட்டருக்கு. சீட்டின் கடைசி வரியில், மிகக் குறைந்த விலையில் இருக்கிறது அது. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போவது என்பது கடல்மட்டத்திலிருந்து மலை ஏறுவது. மரியன்ஹில் சுங்கச்சாவடியைத் தாண்டிக் கீ ரிட்ஜ் ஏற்றத்தில், சாலை விரிவாக்க வேலை நடக்கும் இடத்தில், பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்காற்று கிடையாது. மின்விசிறி மட்டும்தான் துணை. இருபது வயதான ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். பானட்டைத் திறந்து பாருங்கள். கறுப்பாக இருந்த அந்தப் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக மாறி, ஓரத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்ததுபோல் ஒரு கோடு தெரிந்தால், கூலண்ட் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். அது மெதுவாகச் சாகாது. ஒரு நாள் ஏற்றத்தில் பிளந்துவிடும். பிளந்தபின் நீங்கள் கவனித்து நிறுத்துவதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். அப்போதுதான் இன்ஜின் செலவு உண்மையிலேயே வரும். ரேடியேட்டர், மேலும் கீழும் உள்ள ஹோஸ்கள், மூடி, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப்பைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை. அலுமினிய இன்ஜினுக்கு அது மெல்லக் கொல்லும் விஷம்.

அடுத்தது கியர்பாக்ஸ். முனகல் எப்போது வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. இன்று மாலையே சோதித்துப் பாருங்கள். காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச் பெடலில் காலை வைக்காமல் கேளுங்கள். பிறகு பெடலை முழுவதும் அழுத்திக் கேளுங்கள். அழுத்தியவுடன் சத்தம் நின்றால் கியர்பாக்ஸின் உள்தண்டுப் பேரிங் தேய்ந்திருக்கிறது. அழுத்தும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் பழுது கிளட்சின் ரிலீஸ் பேரிங்கில் இருக்கலாம். அப்படியென்றால் அந்த 5,500-இல் பெரும்பகுதி மிச்சம். ஐந்தாவது கியரில் மட்டும் சத்தம் என்றால் அது வேறு பேரிங். இந்த விவரத்தை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், வேலை சுலபமாகும். எதுவாக இருந்தாலும் கிளட்ச் மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே கூலியில் முடித்துவிட வேண்டும். தனித்தனியாகச் செய்தால் இறக்கி ஏற்றும் கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

முன்பக்கத்தில் தட்டல் சத்தம் வருகிறது என்பதற்காக மட்டும் முழு ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டுமா என்பது எனக்குச் சந்தேகம். பல நேரம் ஸ்டெபிலைசர் லிங்க் என்ற சிறிய கம்பி தேய்ந்துதான் அந்தச் சத்தம் வரும். விலை மிகக் குறைவு. ஷாக் அப்சார்பரின் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

இப்போது பெரிய செலவு, அந்த 19,500 ராண்ட் இன்ஜின். வேண்டாம் என்கிறேன்.

உங்கள் கொரோலாவில் இருப்பது டொயோட்டாவின் இசட்இசட் குடும்ப இன்ஜின். ஆயில் குடிப்பது அந்தத் தலைமுறையின் பிறவிக் குணம். பிஸ்டனில் ஆயில் வளையத்துக்குப் பின்னால் எண்ணெய் வடிந்து போகும் துளைகள் மிகச் சிறியவை. காலப்போக்கில் கசடு அடைத்து வளையம் இறுகிவிடுகிறது. வழித்தெடுக்கப்படாத ஆயில் எரிந்து போகிறது. 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்பது டொயோட்டா தன் கையேடுகளில் அனுமதிக்கும் உச்ச அளவு. நீங்கள் அந்தக் கோட்டின்மேல் நிற்கிறீர்கள், தாண்டவில்லை. மாதம் 2,250 கி.மீ. ஓட்டுகிறீர்கள், லிட்டர் 100 ராண்ட் என்று வைத்தாலும் மாதம் 225 ராண்ட்தான். அந்த 19,500-ஐ இப்படியே ஆயிலாக ஊற்றித் தீர்க்க ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும்.

முதலில் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சிறிய வால்வு) மாற்றச் சொல்லுங்கள், சில நூறு ராண்டுக்குள் முடியும் வேலை. அது அடைத்திருந்தாலும் ஆயில் குறையும். பிறகு நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து, நான்கு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். அழுத்தம் நன்றாக இருந்து, நான்கிற்கும் இடையே ஏறத்தாழ 1 பாருக்குள் வித்தியாசம் இருந்தால், அழுத்தத்தைத் தாங்கும் வளையங்கள் சரியாகவே இருக்கின்றன, இன்ஜின் இன்னும் உழைக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் பாதாளத்தில் இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு கதை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடித்திருக்கும் கருவி ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் செயின் தளரும், தளர்ந்தால் மற்றவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஊற்றலாம் என்று இருக்காதீர்கள். அது ஆயில் குறைகிறது என்று சொல்லும் விளக்கு அல்ல, அழுத்தமே போய்விட்டது என்று சொல்லும் விளக்கு. ஒவ்வொரு பெட்ரோல் நிரப்பலின்போதும், கார் சமதளத்தில் நிற்கும்போது, ஆயில் அளவுக் குச்சியை நீங்களே இழுத்துப் பாருங்கள். பங்க் பையன் பார்த்தான் என்பது போதாது. டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் எப்போதும் இருக்கட்டும்.

இறக்குமதி இன்ஜினை நான் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜப்பானில் பழைய காரிலிருந்து கழற்றிய இன்ஜின் அது. எவ்வளவு ஓடியது, எப்போது ஆயில் மாற்றினார்கள், யாருக்கும் தெரியாது. அதே குடும்ப இன்ஜின் என்றால் அதே நோயும் வரலாம். மேலும் இன்ஜினை மாற்றினால் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண்ணையும் மாற்ற வேண்டும், அதற்குப் போலீஸ் அனுமதிச் சான்று வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. விற்கப் போகும்போது ரோட்வொர்த்தி (சாலைத் தகுதி) சோதனையில் எண் பொருந்தாமல் மாட்டிக்கொண்டு அலைகிறார்கள்.

சரி, துரு.

இதுதான் என் பதிலின் நடுநாயகம். கரையோர ஊர்களில் காரை முடித்துவைப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல. உங்கள் கார் தன் வாழ்வின் முதல் பன்னிரண்டு ஆண்டை மெரிபேங்கில் கழித்திருக்கிறது. கடல் எட்டிப் பார்க்கும் தூரம். இரவில் உப்புக்காற்று ஈரமாக வந்து இரும்பின்மேல் படியும், பகலில் வெயில் காயவைக்கும், மறுபடி இரவு. அப்பா திறந்த இடத்தில் நிறுத்தியிருந்தாரா, கராஜில் நிறுத்தியிருந்தாரா என்பதிலேயே ஐந்து ஆண்டு வித்தியாசம் இருக்கும்.

நீங்கள் எழுதிய பின் சக்கர வளைவுக் குமிழ் கண்ணுக்குத் தெரிவது, அதனாலேயே அது ஆபத்தில் கடைசி. அழகு போகும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியவை கண்ணுக்குத் தெரியாதவை. கார் லிஃப்டில் இருக்கும்போது நீங்களும் உடன் நில்லுங்கள். மெக்கானிக் கையில் டார்ச்சும் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரும் இருக்கட்டும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டியில், ஜாக் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. சொத்தென்று கேட்டு மேலே இருந்து செதில் கொட்டினால், உள்ளே இரும்பு காகிதமாகிவிட்டது. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகள் மண்ணடைத்துப் போயிருந்தால் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள்தான் தேங்கும். அடுத்து, பின் அச்சு உடலோடு பொருந்தும் இடம். பிறகு பானட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தியிருக்கும் கோபுரங்களைச் சுற்றிலும் பாருங்கள். கோபுரத்திலோ அச்சுப் பொருத்திலோ ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், அல்லது சில் பெட்டி பெரிதாக அரித்திருந்தால், காரை விற்றுவிடுங்கள். தகடு வைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் கிடைப்பார்கள். சில் பெட்டியில் சிறிய ஓட்டை என்றால் ஒரு நல்ல வெல்டர் சரிசெய்துவிடுவார். கோபுரமும் அச்சுப் பொருத்தும் அப்படியல்ல. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் உங்கள் உயிரைப் பிடித்திருக்கும் இடங்கள் அவை.

பிரேக் குழாய்களை மறக்காதீர்கள். முன்னிருந்து பின்சக்கரம் வரை காரின் அடியில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள். அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குள் மணலும் ஈரமும் சேர்ந்து, வெளியே பளபளப்பாக இருக்கும் குழாய் கிளிப்புக்குள் அரித்துப்போயிருக்கும். கிளிப்பை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். செதில் விட்டிருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சீட்டில் இந்த வரியே இல்லை. என்னைக் கேட்டால் ஷாக் அப்சார்பருக்கு முன்னால் இதை எழுதியிருப்பேன்.

அடிப்பகுதி நன்றாக இருந்தால் இனியும் நன்றாக இருக்கச் செய்யலாம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். கதவுத் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். துருவின்மேல் கறுப்புத் தார் பூச்சு மட்டும் அடிக்க விடாதீர்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுபோல் ஆகிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். டீலர் உங்களிடம் 3,740 என்ற ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கிறார். 72 மாதம் கட்டினால் அதுவே ஏறத்தாழ 2,69,000 ராண்ட். அதன்பின் 66,000 ராண்ட் பலூன் காத்திருக்கிறது. மொத்தம் 3,35,000. பலூன் இல்லாமல் அதே கடன் என்றால் மாதம் சுமார் 4,360, மொத்தம் 3,14,000-க்குள். மாதம் 620 ராண்ட் குறைத்துக் காட்டியதற்கு 21,000 ராண்ட் கூடுதல் விலை. ஆறாம் ஆண்டு முடிவில் 66,000 கையில் இல்லாதவர்கள் அதற்கும் ஒரு கடன் வாங்குகிறார்கள், அல்லது அந்தக் காரைக் கொடுத்துவிட்டு இன்னொரு பலூனில் ஏறுகிறார்கள். ஒப்பந்தத்தில் இதெல்லாம் எழுதித்தான் இருக்கும். விற்பவர் வாயால் சொல்லும்போது மட்டும் காற்றோடு போய்விடும்.

கடனில் எடுத்த காருக்கு வங்கி முழுக் காப்பீடு கேட்கும். மாதம் 1,150 என்று வைக்கிறேன். பழைய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 300. புதிய கார் லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்தால் மாதம் சுமார் 40 லிட்டர் பெட்ரோல் மிச்சம். லிட்டர் 22 ராண்ட் என்றால் ஏறத்தாழ 900. ஆயில் 225 மிச்சம். இவற்றையெல்லாம் கழித்து, பலூனுக்காக மாதம் 917 ஒதுக்கினால், புதிய காருக்கு மாதம் சுமார் 4,380 கூடுதலாகச் செலவாகும். ஆனால் முடிவில் ஒரு கார் கையில் இருக்குமே என்பீர்கள். நியாயம்தான். ஆறு ஆண்டுக்குப் பிறகு 1,62,000 கி.மீ. ஓடிய அந்தக் காருக்கு 80,000 கிடைக்கும் என்று தாராளமாக வைப்போம். இன்று உங்கள் காருக்குத் தரும் 15,000-ஐயும் சேர்ப்போம். அதைக் கழித்தாலும் மாதம் 3,060-க்குக் குறையாது. ஆண்டுக்கு 36,700.

அதாவது, உங்கள் மெக்கானிக்கின் 38,000 ராண்ட் சீட்டை ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் முழுசாகக் கட்டினால்தான் பழைய காரும் புதிய காரும் செலவில் சமமாகும். இன்ஜினை நீக்கினால் இப்போதைய வேலை 18,500. பிரேக் குழாயும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து 22,000 வரை போகலாம். இது ஒருமுறைச் செலவு.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. மிச்சமாகும் பணம் உண்மையிலேயே தனியாக இருந்தால்தான் இது பலிக்கும். ஆகவே வேலை முடிந்த மாதத்திலிருந்து மாதம் 3,000 ராண்டைத் தனிக் கணக்கில் போடுங்கள். டயர், பிரேக், எதிர்பாராத பழுது எல்லாம் அதிலிருந்தே போகட்டும். இரண்டு ஆண்டில் கையில் ஒரு கணிசமான முன்பணம் இருக்கும், பலூன் பேச்சே எடுக்க வேண்டியதில்லை. மாதம் 3,000 போட முடியவில்லை என்றால், 3,740 தவணையும் உங்களால் கட்ட முடியாது என்பது கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பயத்தைப் பற்றி. அதை நான் அற்பமாக நினைக்கவில்லை. ரேடியேட்டர், கிளட்ச், பேட்டரி, டயர் நான்கும் சரியாக இருந்தால் இந்தக் கார் உங்களை நடுவழியில் விடும் வாய்ப்பு மிகக் குறைவு. சட்டப்படி டயரில் 1 மி.மீ. பள்ளம் இருந்தால் போதும். கீ ரிட்ஜ் மூடுபனியிலும் மழையிலும் அது போதாது. 3 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டு. அதையும் பாருங்கள். சாலையோர உதவிச் சேவை ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். அதே மருத்துவமனைக்குப் போகும் வேறு செவிலியர் சாட்ஸ்வர்த்திலோ ஷால்கிராஸிலோ நிச்சயம் இருப்பார்கள். இரவு ஷிப்டுக்கு மட்டும் லிஃப்ட் கிளப் போட்டு ஒரே காரில் சேர்ந்து போனால் துணையும் ஆயிற்று, பெட்ரோலும் பாதி. இவ்வளவு செய்தும் பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை உங்களை வழியில் நிறுத்தினால், என் கணக்கைத் தூக்கி ஓரத்தில் வையுங்கள். தூக்கம் கெட்டு வேலைக்குப் போகும் செவிலியின் நிம்மதிக்கு 36,700 அதிக விலை அல்ல.

விற்கும் நாள் வந்தால் டீலரின் 15,000-க்குக் கொடுக்காதீர்கள். நம் சாலைகளில் ஓடும் கொரோலாவுக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை என்பதால், ஓடும் நிலையில் உள்ள காருக்குத் தனியார் கைகளில் இதைவிட நல்ல விலை கிடைக்கும். ‘வூட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடி) என்று எழுதினாலும் ஆயில் குடிப்பதைச் சொல்லிவிட்டே விற்கவும், தெரிந்த குறையை மறைத்தால் அந்தச் சொல் காப்பாற்றாது. ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாளுக்குத்தான் செல்லும். ஆகவே வாங்குபவர் முடிவான பிறகு எடுங்கள். கைமாறிய அன்றே உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தையும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் வாங்கும் அபராதமெல்லாம் உங்கள் பெயருக்கு வரும்.

அடுத்து வாங்குவது புதிய கார்தான் என்று இப்போதே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று நான்கு வயதான, ஒரே கையில் இருந்த கார் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். டீலரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதத்துக்குத் துணை நிற்கும்; குறையிருந்தால் பழுதுபார்க்கவோ மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அது கிடையாது. டர்பனில் பழைய கார் பார்க்கும்போது ஏப்ரல் 2022 வெள்ளத்தை மறக்காதீர்கள். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கிய வெள்ளம் அது. வீடுகளின் முன் நின்ற கார்கள் எத்தனை மூழ்கின என்று நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கறை இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட வாகனங்களை வின் எண் கொண்டு தேடும் வசதியைத் தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கம் இணையத்தில் தருகிறது. அதையும் பயன்படுத்துங்கள். பதிவுச் சான்றிதழில் கோடு 2 (ஏற்கெனவே ஓட்டிய சாதாரண வாகனம்) என்று இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

புதியதென்றால் பத்திரமானது என்றும் எண்ண வேண்டாம். கார்களின் விபத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2017-இல் நம் சந்தைக் கார்களை மோதிச் சோதிக்கத் தொடங்கியபோது, முதல் சுற்றிலேயே ஒரு சிறிய காருக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. டீலர் சொல்லும் மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டே பேசுங்கள். ‘வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும்’ என்று மிரட்டினால், வெளியில் சர்வீஸ் செய்ய இடம் தரும் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 1 ஜூலை 2021 முதல் நடப்பில் இருக்கின்றன என்று சொல்லுங்கள், குரல் தணிந்துவிடும்.

அப்பாவின் கார் என்பதைப் பற்றி நான் அறிவுரை சொல்லப் போவதில்லை. நான் பார்த்தது பணத்தையும் இரும்பையும் மட்டும்தான். அந்த இரண்டும் இப்போது உங்கள் மனத்தின் பக்கமே நிற்கின்றன. நாளை நிற்காமல் போகலாம். அப்போது டேஷ்போர்டில் அப்பா வைத்த முருகன் படம் ஏதும் இருந்தால் அதை எடுத்துப் புதிய காரில் வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.

ஏசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காற்று குளிராக வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது என்றால் ஏசி வாயு நிரப்பும் கடைக்கு ஓட வேண்டாம். இடப்பக்கம் உள்ள கையுறைப் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும் இடம் தெரியும். அப்பா காலத்து ஃபில்டரே இன்னும் அங்கே இருக்கக்கூடும். இழுத்துப் பாருங்கள், இலையும் தூசியும் பூச்சியும் அப்பிக்கொண்டு கம்பளிபோல் இருக்கும். புதியது வாங்கி, காற்றுத் திசை அம்புக்குறி கீழ்நோக்கி இருக்கும்படி செருகிவிடுங்கள். அதற்குப் பிறகும் மெதுவாகவே வந்தால் காற்று விசிறி மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபில்டரைத் தட்டி மறுபடி மாட்ட வேண்டாம்.